வாசகர் கேள்வி பதில்: பரணில் கிடந்த நோட்டுகள்

போன இதழில், "ஆராய்ச்சியில் கிடைத்த எண்கள் யாருக்குச் சொந்தம்?" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். ஒரு கடிதம் என்னைக் குத்துவதற்கென்றே எழுதப்பட்டது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

மண் பாக்டீரியாக்களின் மரபணு வரிசைகளை முனைவர் பட்டத்துக்காக ஆராய்கிறேன். கட்டுரையோடு தரவையும் பொதுவில் வைக்கும்படி ஆய்விதழ் கேட்கிறது. என் நெறியாளரோ, "நாலு வருட உழைப்பை ஊருக்கு வாரிக் கொடுக்கப் போகிறாயா?" என்கிறார். நான் என்ன செய்வது மேடம்?
– ஆய்வு மாணவி, உசிலம்பட்டி

உங்கள் நெறியாளரை நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, காரணத்தோடுதான் இருந்தது. கண்மாய் மீன்களின் குடலில் இருக்கும் புழுக்களை எண்ணி அந்தக் காலத்தில் ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். 1991-ல் வெளியூர்க் கல்லூரிக்காரர் ஒருவர், "பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று வாங்கிப் போனார். இரண்டு வருடம் கழித்து அது ஒரு கருத்தரங்க மலரில் அச்சாகி வந்தது. எண்கள் எல்லாம் என்னுடையவை. கூட்டலில் நான் விட்டிருந்த ஒரு பிழைகூட அப்படியே இருந்தது. பெயர் மட்டும் அவருடையது. அன்றிலிருந்து பீரோ சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தேன்.

நெடுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த அட்டவணை பறிபோனது ஊரறியக் கொடுத்ததால் அல்ல, ஊரறியாமல் கொடுத்ததால். வராந்தாவில், ஒரு டீயோடு, கையிலிருந்து கைக்குப் போனது. சாட்சி கிடையாது, தேதி கிடையாது. உயிரியலில் எல்லோருக்கும் தெரிந்த மனக்குறையும் இதே ஜாதிதான். டி.என்.ஏ.வின் எக்ஸ்ரே படம், 51-ஆம் எண் படம் என்பார்கள், 1952-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வில் எடுக்கப்பட்டது. 1953 ஜனவரியில் அதே கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ் அதை, டி.என்.ஏ.வின் வடிவத்தைப் பின்னர் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனிடம் காட்டினார். பிராங்க்ளினுக்கு அது தெரியாது. அந்தப் படம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் அவர் பெயரோடும் தேதியோடும் கிடந்திருந்தால் கதையை வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

இன்று உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. 1982-ல் தொடங்கிய ஜென்பேங்க் என்ற பொது மரபணுக் களஞ்சியத்தில் வரிசைகளைச் சேர்த்தால் உங்கள் பெயரில் ஒரு பதிவு எண் தருவார்கள். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடத்துக் களஞ்சியங்களும் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்வதால் ஓரிடத்தில் கொடுத்தால் மூன்றிலும் இருக்கும். நெறியாளருக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது: கட்டுரை வெளிவரும்வரை தரவைத் திறக்காமல் நிறுத்தி வைக்கும்படி, தேதி குறித்தே கேட்கலாம். இன்னும் தைரியம் வேண்டுமானால், 2013 முதல் இயங்கும் பயோஆர்க்கைவ் போன்ற இடத்தில் கட்டுரையின் முன்பதிப்பை, அதாவது ஆய்விதழில் வருவதற்கு முந்தைய வடிவத்தை, போட்டுவிடுங்கள். அதில் விழும் தேதியை யாராலும் அழிக்க முடியாது.

மனித மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள் இதைவிடத் துணிந்தார்கள். 1996-ல் பெர்முடா தீவில் கூடி, ஆயிரம் எழுத்துக்கு மேல் கோத்த எந்த வரிசையையும் 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று தீர்மானித்தார்கள். கட்டுரை பிறகு வரட்டும், எண் முதலில் போகட்டும் என்றார்கள். உங்களிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை.

கொடுப்பதால் நமக்கு என்ன கிடைக்கும் என்று நெறியாளர் கேட்டால் புரதங்களின் கதையைச் சொல்லுங்கள். 1971-ல் புரோட்டீன் டேட்டா பேங்க் தொடங்கியபோது அதில் ஏழே ஏழு புரத அமைப்புகள் இருந்தன. 2023-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலானவை, எக்ஸ்ரே படமெடுக்கப் புரதப் படிகம் வளருமா என்று யாரோ ஒரு மாணவனோ மாணவியோ இரவெல்லாம் காத்துக் கிடந்த உழைப்பு. இன்று அங்கே புதிதாக வந்து சேரும் அமைப்பு நம்பத்தக்கதா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்று, 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என்.ராமச்சந்திரனும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடம். டேட்டா பேங்கில் சேர்ந்த அந்தக் குவியலைப் படித்துத்தான் ஆல்பாஃபோல்டு என்ற கணினி நிரல் புரதம் எப்படி மடியும் என்று கற்றுக்கொண்டது. 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி, அதற்குக் காரணமான டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. படிகம் வளர்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கடன் இன்னும் பாக்கிதான். அதனால் தரவைக் கொடுக்கும்போதே "இதைப் பயன்படுத்தினால் இப்படி மேற்கோள் காட்டவும்" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கூச்சப்படாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். எக்ஸெல் கோப்பை அப்படியே தள்ளிவிடாதீர்கள். செப்டின் புரத மரபணு ஒன்றுக்கு செப்ட்2 என்று குறுக்குப் பெயர் இருந்தது. எக்ஸெல் அதைச் செப்டம்பர் 2-ஆம் தேதி ஆக்கிவிடும். மரபணுப் பட்டியலை எக்ஸெலில் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-ல் கண்டுபிடித்தார்கள். கடைசியில் 2020-ல், பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் குறுக்குப் பெயரையே மாற்றியது. மென்பொருளுக்காக மனிதனின் மரபணு பெயர் மாற்றிக்கொண்டது!

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் படிக்க இணையத்தில் மூவாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். பள்ளி ஆசிரியன் எங்கே போவது?
– உயிரியல் ஆசிரியர், மேலூர்

எங்கும் போக வேண்டாம், எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலோர் அன்றைக்கே கட்டுரையை அனுப்பிவிடுவார்கள். தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்பதே எங்கள் கூட்டத்துக்குத் தீபாவளி. அதற்கு முன்பு பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் தேடிப் பாருங்கள். அங்கே இலவசமாகவே கிடைக்கலாம். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மத்திய அரசு 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்திருக்கிறது. ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும்தான். பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அரசுக் கல்லூரி இருந்தால் நூலகரோடு சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு அறுவடையின்போது நெல் சுணை கண்ணில் அடித்துக் கருவிழியில் புண்ணாகிவிட்டது. இப்போது தேவலை. மருத்துவமனையில், விவரங்களையும் கண் படத்தையும் ஆராய்ச்சிக்குப் பகிர்ந்துகொள்ளலாமா என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

அம்மா தேறியது பற்றி மகிழ்ச்சி. உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது.

1994-ல் ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களில் 434 பேரின் விவரங்களை ஒன்று விடாமல் எழுதி வைத்தார்கள். 1997-ல் வெளியிட்டார்கள். 284 பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ காயம் பட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியா மட்டும் இருந்தவை 140, பூஞ்சை மட்டும் இருந்தவை 139. அதாவது ஏறக்குறைய சரிபாதி. நம் வயற்காட்டில் பூஞ்சை இவ்வளவு கண்களைத் தின்கிறது என்று கணக்கோடு சொன்ன பிறகுதான், பூஞ்சைக்கு எந்த மருந்து நல்லது என்ற அடுத்த கேள்வி வலுப்பெற்றது. 323 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2013-ல் வந்தது. நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து, வோரிகோனசோல் என்ற புதியதை வென்றது. இந்த முடிவு அச்சேறாமல் ஒரு டாக்டரின் மேசையிலேயே இருந்திருந்தால், மற்ற ஊர்களில் உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு, புதியது என்பதற்காகவே வேறு மருந்தை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கணினி கண்டுபிடிக்க முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்களே, அதற்குக் கொடுத்த படங்களிலும் அரவிந்தின் படங்கள் உண்டு. யாரோ ஒரு சோழவந்தான்காரரின் கண் அதில் இருக்கலாம்.

ஆகவே போடுங்கள். ஆனால் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். "பெயரை நீக்கிவிடுவோம்" என்று படிவத்தில் இருக்கும். அது போதாது. இன்ன கிராமம், 58 வயது, களத்து மேட்டில் நெல் தூற்றும்போது அடிபட்டது, வலது கண் என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊரில் டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார் யாரென்று. ஊர்ப் பெயரும் சரியான தேதியும் வெளியே போகுமா என்று கேளுங்கள். படங்களை வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பார்களா, பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறலாமா என்பதையும் கேளுங்கள். கையெழுத்துப் போடாவிட்டால் சிகிச்சை குறையும் என்று யாராவது கோடி காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் அதை அனுமதிப்பதில்லை. இன்னொன்று, கையெழுத்து உங்களுடையதாக இருக்கக் கூடாது. கண் அம்மாவுடையது. அவருக்குப் படித்துக் காட்டுங்கள், அவரே போடட்டும்.

அம்மா, மூன்று வருடத்துக்கு முன்பு ஆராய்ச்சிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் வந்து என் மல்லிகைத் தோட்டத்தில் இலை, வேர், மண் எல்லாம் பையில் அள்ளிப் போனார்கள். மொட்டுப்புழு பற்றி ஆராய்ச்சி என்றார்கள். வீட்டில் டீ போட்டுக் கொடுத்தோம். இன்றுவரை ஒரு தகவல் இல்லை. கேட்பது தப்பா?
– பூ விவசாயி, திருமங்கலம் வட்டம்

தப்பே இல்லை ஐயா. தலைகுனிய வேண்டியது நாங்கள்தான்.

பகிர்வு, பகிர்வு என்று மாநாடு போடுகிறோம். ஆராய்ச்சிக்காரர் இன்னொரு ஆராய்ச்சிக்காரரிடம் பகிர்வதைத்தான் நாங்கள் பகிர்வு என்கிறோம். வேரைப் பிடுங்கிக் கொடுத்தவரிடம் திரும்பி வருவது எந்தப் படிவத்திலும் கட்டாயமாக இருந்ததில்லை. என் காலத்தில் நானும் திரும்பிப் போனதில்லை. அந்தப் பிள்ளைகளின் ஆய்வேடு இந்நேரம் எங்கேயாவது தடித்த அட்டையில், பொன்னெழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் தோட்டம் அதில் 'மாதிரி எண் 7' ஆகியிருக்கும்.

எந்தக் கல்லூரி என்று நினைவிருந்தால் துறைத்தலைவருக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள்: இந்த மாதம் வந்தார்கள், இதை எடுத்தார்கள், முடிவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அஞ்சலட்டைக்கு இன்னும் மரியாதை இருக்கிறது, ஏனென்றால் அதைத் தபால்காரர் முதல் எல்லோரும் படிப்பார்கள். அடுத்த முறை யார் வந்தாலும், பையில் மண் விழுவதற்கு முன்பே, முடிவு வந்ததும் சொல்வோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டீ அதற்குப் பிறகு.

'முடிவை வெளியிட்டால் நம் மல்லியை எவனாவது காப்புரிமை எடுத்துக்கொள்வானே' என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அது பெயரைக் காக்கும். மற்றதற்கு மஞ்சளின் கதையைப் பாருங்கள். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்துப் போராடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. எதை வைத்து? ஏற்கெனவே அச்சில் இருந்த சான்றுகளை வைத்து. எங்கள் பாட்டி சொன்னாள் என்று மட்டும் போய் நின்றிருந்தால் காப்புரிமை அலுவலகம் கதவைத் திறந்திருக்காது.

கொடுப்பவன் ஒருவன், லாபம் அடைபவன் இன்னொருவன். கொரோனாவில் பார்த்தோமே! இதற்குப் பெயர் பகிர்வா?
– ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தோழர், செல்லூர்

தோழரே, முழுக்க மறுக்க மாட்டேன். 2020 ஜனவரி 11 அன்று, ஷாங்காயில் சாங் யோங்சென் என்பவரின் குழு கண்டறிந்த அந்த வைரஸின் வரிசை, ஏறத்தாழ 30,000 எழுத்துகள், ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் நண்பர் எட்வர்ட் ஹோம்ஸ் வழியாக இணையத்துக்கு வந்தது. இரண்டு நாளில், ஜனவரி 13-ல், மாடர்னா தன் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்தது. மார்ச் 16-ல் முதல் மனிதருக்கு ஊசி போட்டார்கள். வைரஸைக் கையால் தொடாமலே வடிவமைத்த ஊசி அது. நம் எல்லோருக்கும் அதனால் நன்மைதான். சாங்குக்கு என்ன நன்மை? வரிசை வெளிவந்த அடுத்த நாளே அவருடைய ஆய்வகத்தை 'சீர்செய்வதற்காக' மூடச் சொன்னார்கள்.

தென்னாப்பிரிக்காவும் அப்படித்தான். 2021 நவம்பரில் ஒமைக்ரானைக் கண்டுபிடித்த கையோடு உலகுக்குச் சொன்னது. ஓரிரு நாளில் பணக்கார நாடுகள் அங்கிருந்து விமானங்களை நிறுத்தின. தீ என்று கத்தியவனை வீட்டுக்குள் பூட்டிய கதை.

இந்தோனேசியா உங்களைப் போலவே கோபப்பட்டது. பறவைக் காய்ச்சல் வைரஸை நாங்கள் அனுப்புகிறோம், அதிலிருந்து செய்த ஊசியை எங்களாலேயே வாங்க முடியவில்லை என்று 2007-ல் மாதிரி அனுப்புவதை நிறுத்தியது. ஆபத்தான வேலைதான். ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் 2011-ல் உலக சுகாதார அமைப்பில், இன்ஃப்ளூயன்சா மாதிரி கொடுப்பவருக்கும் பங்கு உண்டு என்ற ஏற்பாடு வந்திருக்காது. 2025 மே மாதம் வந்த பெருந்தொற்று உடன்படிக்கையிலும், கொடுப்பவருக்கு என்ன பங்கு என்ற அத்தியாயத்தை மட்டும் பின்னிணைப்புக்குத் தள்ளிவைத்துவிட்டுத்தான் மற்றதை நிறைவேற்றினார்கள். சண்டை அங்கேதான் நடக்கிறது. சங்கத்தில் கூலி கேட்டுப் போராடினீர்கள், ஆலையைக் கொளுத்தவில்லை. இதிலும் அதே வழிதான் சரி என்று எனக்குப் படுகிறது.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்களே மேடம், நீங்கள் எண்ணிய கண்மாய் மீன் கணக்கு எங்கே?
– பழைய மாணவன், கே.கே.நகர்

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் தவளையை மேசைக்கு அடியில் தப்பவிட்டவன்தானே நீ?

1984 முதல் 1996 வரை மாடக்குளம், தென்கால், வண்டியூர் கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் எடுத்தவர்களின் பின்னாலேயே போய், வலை இழுக்கும் நாளிலும், தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும் அழிகண்மாய் நாளிலும் கரையில் உட்கார்ந்து கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஆரால், அயிரை என்று எண்ணி எழுதினேன். பதினோரு நோட்டுகள். புழுக் கணக்குப் பறிபோன ஆத்திரத்தில் மீன் கணக்கை ஒருவருக்கும் காட்டவில்லை. 2009-ல் வீடு மாறும்போது பரணில் ஏற்றினேன். 2016-ல் ஓர் ஆய்வு மாணவர் வந்து, வெளிநாட்டிலிருந்து வந்த சிலேபி மீன் பெருகுவதற்கு முன்பு மாடக்குளத்தில் அயிரை எவ்வளவு இருந்தது என்று கேட்டார். பெருமையோடு ஏணி போட்டு ஏறினேன். ஒன்பது நோட்டுகளின் அட்டைகள் முழுசாக இருந்தன. உள்ளே மண்தான் இருந்தது. கரையான் யாருடைய பெயரையும் திருடவில்லை, என்னுடையதையும் சேர்த்துத் தின்றுவிட்டது. "நிறைய இருந்தது தம்பி" என்று அந்தப் பையனிடம் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. சரிதானே, 'நிறைய' என்பதை எந்தக் கட்டத்தில் போடுவார்?

மிஞ்சிய இரண்டு நோட்டுகளையும் போன வருடம், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் தட்டச்சு செய்ய, நான் படித்துச் சொன்னேன். அட்டவணையில் 412 வரிகள். ஸெனோடோ என்று ஒரு களஞ்சியம், அணுத்துகள்களை மோதவிடும் செர்ன் கூடத்தார் 2013-லிருந்து நடத்துவது, தனி ஆளும் இலவசமாகப் போடலாம். அதில் போட்டுவிட்டோம். வலையின் கண் அளவு, கண்மாயில் தண்ணீர் இருந்த மட்டம், யார் எண்ணியது என்பதையெல்லாம் தனித்தாளில் எழுதச் சொல்லி அந்தப் பெண் என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள். நான் மாணவர்களைப் படுத்தியதற்கு இது கணக்குத் தீர்ந்தது.

ஓர் இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். 1987 மே மாதத்துப் பக்கத்தில், என் கையெழுத்தில், 'கு – 14' என்று இருக்கிறது. குறவை பதினான்கா, ஏதோ ஒரு மீனின் குஞ்சு பதினான்கா? எழுதியவள் நான்தான், எனக்கே தெரியவில்லை. அன்று பக்கத்தில் இருந்து பெயர் சொல்லிக் கொடுத்த வலைக்காரர் இப்போது இல்லை. அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோடையில் மாடக்குளத்தில் மீன் பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அழிகண்மாயில் குறவை அகப்பட்டதா என்று இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.